இங்கிலாந்துக் கிராமத்தில் மூதாதையரைத் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மனைவி தென்மேற்கு இங்கிலாந்தில் உள்ள டார்செட் பகுதிக்காரர். அவர் வழி முன்னோரெல்லாம் பண்ணைக் கூலிகள், ஆடு மேய்த்தவர்கள், ஒரு செருப்புத் தைப்பவர். எங்கள் பிள்ளைகளுக்கு அப்பா வழி ஊர்க்கதை எல்லாம் தெரியும், அம்மா வழியில் தாத்தா பாட்டிக்கு மேல் ஒன்றும் தெரியாது. அதற்காகத்தான் தேட ஆரம்பித்தேன். இப்போது இங்கிலாந்தில் கலப்புக் குடும்பங்களில் வாழும் நம்மவர்களும், சென்னையிலிருந்து சில ஆங்கிலோ இந்திய நண்பர்களும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். உதாரணம் வேண்டிய இடங்களில் டோல்பட்டில் என்ற டார்செட் கிராமத்தைக் காட்டுகிறேன். தொழிற்சங்கம் அமைக்க முயன்று 1834ல் நாடு கடத்தப்பட்ட ஆறு பண்ணைத் தொழிலாளர்களின் ஊர் அது. அவர்கள் வாழ்க்கை ஊரறிந்த வரலாறு என்பதால் யாருடைய வீட்டு விஷயத்தையும் வெளியே சொன்னதாக ஆகாது.

பாரிஷ் என்றால் என்ன? கிராமம்தானா?

ஒரு தேவாலயத்தின் எல்லைக்குள் வரும் பகுதிதான் பாரிஷ். நம் கத்தோலிக்கர்கள் பங்கு என்பார்கள், தென்னிந்தியத் திருச்சபையில் சேகரம் என்பார்கள். நான் பங்கு என்றே எழுதுகிறேன். ஒரு பங்கில் ஒரே கிராமம் இருக்கலாம், நான்கைந்து குக்கிராமங்களும் இருக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் இது வழிபாட்டோடு நிற்கவில்லை. ஏழைகளுக்குச் சோறு போடுவது, சாலையைச் செப்பனிடுவது, அதற்கு வரி வசூலிப்பது எல்லாம் பங்கின் வேலை. கிராமத்து ஆவணங்களில் பெரும்பகுதி பங்கின் பெயரில் இருப்பது இதனால்தான். முதலில் உங்கள் ஊர் எந்தப் பங்கு, சுற்றியுள்ள பங்குகள் எவை என்று ஒரு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஊரைப் புரிந்துகொள்ளாமல் பெயரை மட்டும் தேடினால் தவறான ஆளிடம்தான் போய் நிற்போம்.

எங்கிருந்து தொடங்குவது?

உயிரோடு இருப்பவர்களிடமிருந்து. பெரியம்மாவின் பைபிளில் பிறந்த தேதிகள் எழுதியிருக்கும், பரணில் அடக்கச் செலவு ரசீது இருக்கும். அதை முதலில் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏறுங்கள். நடுவில் ஒரு படியைத் தாண்டக் கூடாது.

அரசாங்கப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு இங்கிலாந்தில் 1837 ஜூலை 1ல் தொடங்கியது. திருமணச் சான்றிதழில் மணமக்கள் இருவரின் தகப்பன் பெயரும் தொழிலும் இருக்கும், ஒரே தாளில் இரண்டு குடும்பங்கள் மேலே ஏறிவிடலாம். பிறப்புகளின் அட்டவணை காலாண்டு வாரியாக இருக்கும், பிறந்த நாளை வைத்து அல்ல, பதிவு செய்த நாளை வைத்து. பதிவு செய்ய ஆறு வாரம் அவகாசம் உண்டு என்பதால் டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த வருட மார்ச் காலாண்டில் இருக்கலாம். இன்னொன்று, 1875க்கு முன்னால் பிறப்பைப் பதிவு செய்யத் தவறினால் பெற்றோருக்குத் தண்டனை என்ற கட்டாயம் இல்லை. அதனால் ஆரம்ப வருடங்களில் சில குழந்தைகள் விட்டுப்போயிருக்கும்.

குடிக்கணக்கு (சென்சஸ்) எவ்வளவு உதவும்?

மிகவும். 1801லிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்தார்கள். நாடு முழுக்கப் பெயர் வாரியாகக் கிடைப்பது 1841லிருந்து. அந்த 1841 கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள். 38 வயதுக்காரர் 35 என்று இருப்பார். யார் யாருக்கு என்ன உறவு என்பதும் அதில் கிடையாது. 1851லிருந்துதான் உறவும் பிறந்த பங்கின் பெயரும் வருகின்றன. என்னைக் கேட்டால் கிராமத்துத் தேடலில் தங்கமான ஆவணம் 1851தான். 1790ல் பிறந்த கிழவர் அதில் உயிரோடு இருந்தால், அவர் பிறந்த ஊர் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது.

பொதுப் பார்வைக்கு வந்திருப்பதில் கடைசி 1921ஆம் ஆண்டுக் கணக்கு. 1931 கணக்கு 1942ல் தீயில் எரிந்துபோனது, 1941ல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. நடுவில் கைகொடுப்பது போருக்காக 1939ல் எடுத்த பதிவேடு.

தொழில் என்ற இடத்தில் 'அக் லேப்' என்று பக்கம் பக்கமாக இருக்கும். விவசாயக் கூலி என்பதன் சுருக்கம். சலித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஊரின் நிலத்தை உழுதவர்கள் அவர்கள்தான்.

1837க்கு முன்னால் என்ன வழி?

பங்குப் பதிவேடுகள். எட்டாம் ஹென்றி அரசரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538ல் ஓர் ஆணை போட்டார். ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாராவாரம் எழுதி வைக்க வேண்டும், ஏட்டை இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும், ஒரு சாவி குருவானவரிடம், இன்னொன்று கோயில் மூப்பர்களிடம். 1538லிருந்தே ஏடு தப்பிப் பிழைத்த பங்குகள் குறைவு. 1642 முதல் 1660 வரை உள்நாட்டுப் போரும் குடியரசுமாக இருந்த காலத்தில் நிறைய ஊர்களில் இடைவெளி விழுந்திருக்கும். 1598லிருந்து ஒவ்வொரு வருடப் பதிவுக்கும் ஒரு நகல் எடுத்து ஆயருக்கு அனுப்பினார்கள். மூல ஏடு அழிந்திருந்தால் நகல் இருக்கலாம். இரண்டும் இருந்தால் இரண்டையும் பாருங்கள், குருவானவர் படியெடுக்கும்போது கூடுதலாக ஒரு சொல் சேர்த்திருப்பார்.

என்ன எழுதினார்கள் என்பது காலத்தைப் பொறுத்தது. பழைய ஏடுகளில் 'ஜானின் மகன் வில்லியம்' என்பதோடு சரி, தாயின் பெயர்கூட இருக்காது. 1733 வரை சில ஏடுகள் லத்தீனில். 'ஃபிலியஸ்' மகன், 'ஃபிலியா' மகள், 'செபுல்டுஸ்' அடக்கம் செய்யப்பட்டவர். இருபது சொற்கள் தெரிந்தால் போதும். 1754 மார்ச் 25 முதல் திருமணத்துக்குத் தனி ஏடு. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்தோ உரிமம் பெற்றோதான் திருமணம், மணமக்கள் கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் பெருக்கல் குறி போட்டார்கள். என் மனைவியின் முன்னோர் ஒருத்தியின் குறியை மூல ஏட்டில் பார்த்தபோது என்னால் சிறிது நேரம் பேச முடியவில்லை. அவள் கை இந்த உலகில் விட்டுப்போனது அந்த இரண்டு கோடுகள்தான்.

1813 ஜனவரி முதல் அச்சடித்த படிவம். ஞானஸ்நானத்தில் தாய் பெயர், வசிக்கும் இடம், தகப்பன் தொழில், அடக்கத்தில் வயது எல்லாம் வந்துவிடும்.

டிசம்பர் 1723ல் ஞானஸ்நானம், பிப்ரவரி 1723ல் அடக்கம் என்று இருக்கிறதே, எழுதியவர் தவறா?

இல்லை. 1752க்கு முன் இங்கிலாந்தில் புது வருடம் மார்ச் 25ல் பிறந்தது. ஆகவே 1723 டிசம்பருக்கு அடுத்து வருவது 1723 ஜனவரி, பிப்ரவரி. இன்றைய கணக்கில் அது 1724. குறிப்பெடுக்கும்போது 1723/4 என்று இரண்டையும் எழுதுங்கள். 1752ல் நாள்காட்டியையே மாற்றினார்கள். அந்த வருடம் செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14.

குடும்பப் பெயரின் எழுத்து ஒவ்வொரு இடத்திலும் மாறுகிறதே?

மாறத்தான் செய்யும். சொன்னவருக்கு எழுதத் தெரியாது, குருவானவர் காதில் விழுந்ததை எழுதினார். டோல்பட்டிலின் ஸ்டாண்ட்ஃபீல்ட் நடுவில் ஓர் எழுத்துக் குறைந்து ஸ்டான்ஃபீல்ட் ஆகும், ஹாமெட்டுக்கு இரண்டு மெய்யெழுத்துக்குப் பதில் ஒன்று வரும். அந்தப் பகுதிப் பேச்சில் உரக்கச் சொல்லிப் பாருங்கள், என்னென்ன வடிவம் வரும் என்று தெரிந்துவிடும். 'எங்கள் குடும்பம் எப்போதும் இந்த எழுத்தில்தான் எழுதும்' என்று யாராவது சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, எல்லா வடிவங்களையும் தேடுங்கள்.

உறவுச் சொற்களிலும் கவனம் வேண்டும். 'மதர் இன் லா' என்று எழுதியிருப்பது மாற்றாந்தாயாக இருக்கலாம், 'சன் இன் லா' மனைவிக்கு முதல் கணவரிடம் பிறந்த மகனாக இருக்கலாம். 'சீனியர், ஜூனியர்' என்றால் தகப்பனும் மகனும் என்று அர்த்தமில்லை, ஊரில் அதே பெயரில் மூத்தவர் இளையவர் இருவர் இருந்தார்கள் என்பது மட்டும்தான்.

ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர். எப்படிப் பிரித்து அறிவது?

இதில் நான் ஆறு மாதத்தை இழந்திருக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன். மனைவியின் முன்னோரான ஒரு வில்லியமுக்கு 1851 கணக்கின்படி பிறந்த வருடம் சுமார் 1802. அந்தப் பங்கில் 1801ல் அதே பெயரில் ஒரு ஞானஸ்நானம் இருந்தது. வயது பொருந்துகிறது, ஊர் பொருந்துகிறது. அவன் பெற்றோர், பெற்றோரின் பெற்றோர் என்று மூன்று தலைமுறை மேலே போய்விட்டேன். ஒருநாள் வேறு எதற்கோ அடக்க ஏட்டை வரி வரியாகப் படித்தபோது, 1803ல் 'வில்லியம், குழந்தை' என்று அதே தகப்பன் பெயரோடு ஒரு வரி. நான் பின்தொடர்ந்த வில்லியம் இரண்டு வயதில் இறந்துபோயிருந்தான். எங்களுடைய வில்லியம் மூன்று மைல் தள்ளி அடுத்த பங்கில் ஞானஸ்நானம் பெற்றவர்.

அன்றிலிருந்து ஒரு ஞானஸ்நானத்தைக் கண்டுபிடித்தால் உடனே அடுத்த பத்துப் பதினைந்து வருட அடக்கங்களைப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளை வளர்ந்ததா? இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பது சாதாரணமாக இருந்த காலம் அது. அப்புறம், தனி ஆளைத் தேடாமல் அந்தக் குடும்பப் பெயரில் உள்ள அத்தனை பதிவுகளையும் அந்தப் பங்கிலும் சுற்றுப் பங்குகளிலும் எடுத்து, குடும்பம் குடும்பமாகக் கட்டிப் பாருங்கள். நடந்து போய்வரும் தூரத்தில் உள்ள ஊர்கள், சந்தை நகரம், எல்லாமே உங்கள் பரப்பு. திருமணச் சாட்சிகள் யார் என்று பாருங்கள். யாருக்கும் சேராமல் மிஞ்சும் பதிவுதான் பெரும்பாலும் விடையைச் சொல்லும்.

ஞானஸ்நானப் பதிவு எங்குமே இல்லை. ஏன்?

பல காரணங்கள் இருக்கும். முதல் பிள்ளைக்குத் தாய்வீட்டுப் பங்கில் ஞானஸ்நானம் கொடுத்திருக்கலாம். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் முத்திரை வரி இருந்தது, தள்ளிப்போட்டவர்கள் உண்டு, அதனால் சில வருடம் தள்ளியும் பாருங்கள். இல்லாவிட்டால் குடும்பம் அரசுத் திருச்சபையான இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராததாக இருக்கும். டோல்பட்டிலின் ஜார்ஜ் லவ்லஸ் மெத்தடிஸ்ட் பிரசங்கியார். இப்படிப்பட்ட சபைகளின் பழைய ஏடுகள் பல 1837க்குப் பின் அரசிடம் ஒப்படைக்கப்பட்டு இன்று லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆனால் 1754க்கும் 1837க்கும் இடையில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரையும் யூதர்களையும் தவிர எல்லோரும் அரசுத் திருச்சபையில்தான் மணம் செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆகவே மெத்தடிஸ்ட் குடும்பமானாலும் திருமணத்தைப் பங்கு ஏட்டில் தேடலாம்.

எங்கள் முன்னோர் பரம ஏழைகள். அவர்களைப் பற்றி யார் எழுதி வைத்திருக்கப் போகிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். நடுத்தர விவசாயியைவிட ஏழையைப் பற்றித்தான் பங்குப் பெட்டியில் அதிகம் இருக்கிறது. ஏழைக்குப் பணம் செலவானது, செலவு செய்தவர்கள் கணக்கு எழுதினார்கள்.

1662ஆம் ஆண்டுச் சட்டப்படி, கஷ்டப்படும் ஒருவருக்கு எந்தப் பங்கு பொறுப்பு என்பது அவருடைய 'இருப்புரிமை' எங்கே என்பதைப் பொறுத்தது. பிறந்த ஊர், ஒரு முழு வருடம் கூலிக்கு அமர்ந்த ஊர், தொழில் பழகிய ஊர், பெண்ணுக்குக் கணவனின் ஊர் என்று பல வழிகளில் அது அமையும். பொறுப்பு வந்துவிடக் கூடாது என்று ஒரு வருடத்துக்குச் சில நாள் குறைவாகவே ஆளை அமர்த்திய பண்ணைக்காரர்கள் இருந்தார்கள். வெளியூர்க்காரர் உதவி கேட்கும் நிலைக்கு வந்தால் நீதிபதிகள் முன் நிறுத்தி விசாரித்தார்கள். எங்கே பிறந்தாய், யாரிடம் எத்தனை வருடம் வேலை செய்தாய், என்ன கூலி, எப்போது கல்யாணம், பிள்ளைகள் எத்தனை? எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலிக்காரர் தன் வாழ்க்கையைச் சொல்ல, குமாஸ்தா எழுதி வைத்தது. அதன் முடிவில் அவர்களை வண்டியேற்றிப் பழைய பங்குக்கு அனுப்பும் ஆணை இருக்கும். கர்ப்பிணிகளையும் விதவைகளையும் இப்படி அனுப்பினார்கள். படிக்க மனசு கனக்கும். ஆனால் ஒரு குடும்பம் ஊர்விட்டு ஊர் போன தடம் அந்தத் தாளில் மட்டும்தான் இருக்கும்.

ஏழைகள் மேற்பார்வையாளரின் கணக்கு நோட்டையும் விடாதீர்கள். விதவைக்கு வாரப் படி, பையனுக்குச் சட்டை, கிழவருக்குச் சவப்பெட்டி என்று ஒரு வீட்டின் கஷ்டகாலம் வரவு செலவாக ஓடும். 1834க்குப் பிறகு பல பங்குகளைச் சேர்த்து ஒன்றியமாக்கி, உதவி வேண்டுமென்றால் ஒர்க்ஹவுஸ் என்னும் ஏழை விடுதிக்கு வா என்றார்கள். டோல்பட்டில் அறுவரில் ஒருவரான ஜேம்ஸ் ஹாமெட் முதுமையில் கண் தெரியாமல் 1891ல் இறந்தது டார்செஸ்டரின் அந்த விடுதியில்தான்.

ஒரு குழந்தைக்குத் தகப்பன் பெயரே எழுதவில்லை. அங்கே நின்றுவிட வேண்டியதுதானா?

வேண்டாம். அந்தக் குழந்தையின் செலவு பங்கின் தலையில் விழுமே என்று தாயை விசாரித்துத் தகப்பன் யாரென்று சொல்ல வைத்தார்கள், அவனிடம் பணம் கட்டுவதாகப் பத்திரமும் வாங்கினார்கள். குழந்தையின் நடுப்பெயராக ஒரு குடும்பப் பெயர் இருந்தால் அதுவும் ஒரு தடயம், ஆனால் சாட்சி ஆகாது. ஏட்டில் அந்தக் குழந்தையைக் கடுமையான சொல்லால் குறித்திருப்பார்கள். அந்தச் சொல்லை உங்கள் குடும்ப மரத்துக்குள் கொண்டுவர வேண்டியதில்லை.

வீடும் வயலும் எங்கே இருந்தன என்று தெரியுமா?

பெரும்பாலும் தெரியும். பயிரில் பத்தில் ஒரு பாகத்தைத் திருச்சபைக்குத் தசமபாகமாகக் கொடுக்கும் வழக்கத்தை 1836ஆம் ஆண்டுச் சட்டம் பணமாக மாற்றியது. அதற்காகப் பங்கு வாரியாக அளந்து வரைபடம் போட்டார்கள். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் எண், உடைமையாளர், அனுபவிப்பவர், வயலின் பெயர், பயிரா புல்லா என்பது வரை இருக்கும். நம் ஊர் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். 1841 குடிக்கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் எந்த வீட்டில் யார் என்று கிட்டத்தட்ட சொல்லிவிடலாம்.

உயில்?

கூலிக்காரர்களிடம் அபூர்வம், சிறு விவசாயிகளும் கைவினைஞர்களும் எழுதினார்கள். 1858 ஜனவரி வரை உயிலை மெய்ப்பித்தது திருச்சபை நீதிமன்றங்கள், அதன்பின் அரசாங்கம். டெவன் பகுதியின் பழைய உயில்கள் 1942ல் எக்ஸிட்டர் நகரில் விழுந்த குண்டுகளில் அழிந்தன.

ஊரைவிட்டே காணாமல் போனவர்களை எப்படிப் பிடிப்பது?

உறவினர்களைத் தொடர்ந்து போங்கள். டோல்பட்டில் அறுவரில் ஜார்ஜ், ஜேம்ஸ் லவ்லஸ் இருவரும் சகோதரர்கள். தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்ட் அவர்கள் தங்கையோ அக்காவோ ஆன டைனியாவின் கணவர், ஜான் ஸ்டாண்ட்ஃபீல்ட் அந்தத் தம்பதியின் மகன். மன்னிப்புக் கிடைத்துத் திரும்பியபின் பெரும்பாலானோர் எசெக்ஸ் பகுதியில் பண்ணை பிடித்தார்கள். அறுவரில் இன்னொருவரான ஜேம்ஸ் பிரைன் 1839ல் தாமஸின் மகள் எலிசபெத்தை மணந்தது அங்கே, கிரீன்ஸ்டெட் மரக் கோயிலில். பிறகு ஹாமெட்டைத் தவிர ஐவரும் கனடாவின் ஒன்டாரியோவுக்குக் குடிபோனார்கள். டார்செட் ஏடுகளை மட்டும் புரட்டினால் பிரைனின் திருமணம் கிடைக்கவே கிடைக்காது. நாடு கடத்தப்பட்டவர்களுக்கு ஆஸ்திரேலிய ஆவணங்களில் உயரம், நிறம், தழும்பு வரை விவரம் இருக்கும். ஓர் ஏழையின் முகத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஒரே வர்ணனை அதுவாக இருக்கலாம்.

இன்னொரு பெரிய வாசல் ராணுவம். 1754ல் இந்தியாவுக்கு வந்த முதல் பிரிட்டிஷ் அரசப் படை 39ஆம் காலாட்படை, அது வந்திறங்கியது நம் மதராஸ் பகுதியில். பிற்காலத்தில் டார்செட்ஷையர் என்ற பெயர் பெற்றதும் அதே படைதான். இங்கே ஞானஸ்நானம் பெற்று, அடக்கம் மட்டும் கிடைக்காத பையன் இந்தியாவில் இறந்திருக்கலாம். மதராஸ் மாகாணத்து ஐரோப்பியர்களின் ஞானஸ்நான, திருமண, அடக்க நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இதே வழியில் மறுதிசையில் வரலாம். படைவீரரின் சேவை ஆவணத்தில் அவர் பிறந்த பங்கின் பெயர் இருக்கும்.

எல்லாம் இணையத்திலேயே முடியுமா?

பாதி முடியும். ஃபேமிலிசர்ச், ஃப்ரீரெக் என்ற தளங்கள் இலவசம். டார்செட் ஏடுகளின் படங்கள் ஆன்செஸ்ட்ரி என்ற கட்டணத் தளத்தில் உள்ளன, இங்கே பல பொது நூலகங்களில் அதைக் காசில்லாமல் பார்க்கலாம். அட்டவணையில் பெயரைக் கண்டதும் நிறுத்திவிடாமல் படத்தைத் திறந்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படியுங்கள். மற்றவர்கள் போட்டுவைத்த குடும்ப மரங்களைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒருவர் செய்த தவறை நூறு பேர் படியெடுத்திருப்பார்கள்.

ஏழைகள் சட்டத் தாள்களில் பெரும்பகுதிக்குக் கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) ஆவணக் காப்பகத்துக்கு நேரில்தான் போக வேண்டும், டார்செட்டுக்கு அது டார்செஸ்டரில் இருக்கிறது. பென்சில் மட்டும் கொண்டுபோங்கள், முன்பதிவு வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். திருச்சபை எல்லை வேறு, கவுன்ட்டி எல்லை வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். டார்செட் 1542 முதல் 1836 வரை பிரிஸ்டல் மறைமாவட்டத்தில் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) இருந்து, பின் சாலிஸ்பரிக்குப் போனது. சாலிஸ்பரி மறைமாவட்ட ஆவணங்கள் பக்கத்துக் கவுன்ட்டியில் சிப்பன்ஹாம் ஊரில் உள்ளன.

கல்லறைத் தோட்டத்தில் என்ன பார்க்கலாம்?

காலையிலோ மாலையிலோ போங்கள், சாய்வெயிலில் தேய்ந்த எழுத்தும் தெரியும். தேய்க்கவோ சுரண்டவோ சுண்ணக்கட்டி பூசவோ வேண்டாம், கல் உதிர்ந்துவிடும். பக்கத்துக் கல்லையும் படம் எடுங்கள், பெரும்பாலும் சொந்தக்காரர்களாக இருப்பார்கள். கூலிக்காரர்களுக்குக் கல் இருந்திருக்காது. டோல்பட்டில் கோயில் முற்றத்தில் ஹாமெட்டுக்கு இருக்கும் கல்கூட 1934ல், அவர் இறந்து 43 வருடம் கழித்து, சிற்பி எரிக் கில் செதுக்கியது. உங்கள் ஆளுக்குக் கல் இல்லையென்றால் கோயில் மூப்பரிடம் பழைய அடக்க வரைபடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அடக்க ஏட்டில் உள்ள தேதியை எழுதிக்கொண்டு போனால் அவருக்கும் தேடுவது சுலபமாக இருக்கும்.